வாசலுக்கே வந்த பந்தயம்: இத்தாலியர் கார்ப் பந்தய ரசிகர்களான கதை

விளையாட்டு ரசிகரை இத்தாலிய மொழியில் ‘டிஃபோசோ’ என்று அழைக்கிறார்கள். பலராக இருந்தால் ‘டிஃபோசி’. அந்தச் சொல்லின் வேர் ‘டிஃபோ’, அதாவது டைஃபஸ் காய்ச்சல். உடம்பு அனலாய்க் கொதித்து, நினைவு தடுமாறி, வாய் பிதற்றும் அந்த நோயின் பெயரைத்தான் விளையாட்டின் மீது பித்தேறிய மனிதருக்கும் அந்நாட்டு மக்கள் சூட்டியிருக்கிறார்கள். நம் மொழியில் ரசிகர் என்பவர் ரசத்தை அறிந்து சுவைப்பவர். அந்தச் சொல்லில் ஒரு தேர்ச்சியும் நிதானமும் இருக்கின்றன. டிஃபோசி என்ற சொல்லில் இருப்பது தொற்று. சுவை பழகப் பழக வருவது. காய்ச்சலோ பக்கத்தில் இருப்பவரிடமிருந்து ஒட்டிக்கொள்வது. கார்ப் பந்தயக் காய்ச்சல் அந்த நாட்டில் எவ்வழியாக, யாரிடமிருந்து யாருக்கு ஒட்டிக்கொண்டது என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மிலான் நகரை அடுத்த மோன்சாவில் செப்டம்பர் மாதத்து ஃபார்முலா 1 பந்தயம் முடிந்ததும், வேலியைத் தாண்டி ஓடுதளத்தில் வெள்ளமாய் இறங்கி, வெற்றி மேடைக்குக் கீழே சிவப்புக் கொடிகளோடு நிற்கும் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், ஃபெராரி அணியின் வெற்றிகள்தாம் இவர்களை ரசிகர்கள் ஆக்கின என்று எண்ணுவது இயல்பு. ஆனால் கால வரிசை அதற்கு இடம் தரவில்லை. ஃபெராரி என்ற பெயரைத் தாங்கிய முதல் கார் 1947இல்தான் ஓடியது. இத்தாலியில் தொலைக்காட்சியின் முறையான ஒளிபரப்பு 1954 ஜனவரியில்தான் தொடங்கியது. இவை இரண்டுக்கும் வெகு முன்பே அந்நாட்டுச் சாலைகளின் இரு மருங்கிலும் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. சொந்தமாகக் கார் வைத்திருந்ததால் கார்ப் பந்தயத்தை நேசித்தார்கள் என்ற விளக்கமும் நிற்காது. சாதாரணக் குடும்பங்கள் பெருமளவில் கார் வாங்கத் தொடங்கியது 1955இல் ஃபியட் 600 வந்த பிறகுதான். அதுவரை கார் என்பது பிரபுவுக்கும் ஆலை முதலாளிக்கும் டாக்டருக்கும் உரியதாகவே இருந்தது. காரின் கதவைக்கூடத் திறந்து பார்த்திராத உழவரும் கொல்லரும் அவர்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கார் ஓட்டுபவர்களின் பெயர்களை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அவர்கள் ரசிகர்கள் ஆனதற்கு முதற்காரணம் சாலை என்பது என் கருத்து.

சாலையோரத்தில் நின்று பந்தயம் பார்க்கும் பழக்கத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது சைக்கிள். மிலானிலிருந்து டுரினுக்கு 1876இலேயே சைக்கிள் பந்தயம் நடந்திருக்கிறது. லொம்பார்தியா பந்தயம் 1905இலும், மிலானிலிருந்து சான்ரெமோ வரையிலான பந்தயம் 1907இலும், நாட்டையே சுற்றிவரும் ஜீரோ தித்தாலியா 1909இலும் தொடங்கின. இந்த மூன்றையும் தொடங்கி நடத்தியது, இளஞ்சிவப்புத் தாளில் அச்சாகும் ‘லா கஜெத்தா தெல்லோ ஸ்போர்ட்’ என்ற விளையாட்டுப் பத்திரிகை. ஒரு பத்திரிகை ஏன் பந்தயம் நடத்த வேண்டும் என்று கேட்டால், அதற்கான விடையில் ரசிகர் பிறக்கும் விதமும் அடங்கியிருக்கிறது. சாலையோரத்தில் நிற்பவர் பந்தயத்தில் பார்ப்பது ஒரு சில விநாடிகளை மட்டுமே. தம் ஊருக்கு முந்தைய ஊரில் யார் முன்னிலையில் இருந்தார், அடுத்த மலையில் யார் பின்தங்கினார், கடைசியில் யார் வென்றார் என்பவற்றையெல்லாம் அவர் மறுநாள் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பத்து விநாடி கண்ணால் கண்டதும் பத்து மணி நேரம் காணாமல் விட்டதும் ஒன்றுசேர்ந்து அவரைத் தவிக்க வைக்கின்றன. அந்த இடைவெளியைச் செய்தியாலும் விவாதத்தாலும் கற்பனையாலும் அவரே நிரப்பிக்கொள்ளத் தொடங்கும்போது, வேடிக்கை பார்க்க வந்தவர் ரசிகர் ஆகிவிடுகிறார். முழுவதையும் ஒரே இருக்கையில் அமர்ந்து பார்த்துவிட முடிகிற விளையாட்டில் இந்தத் தவிப்புக்கு வேலையில்லை.

இப்படிச் சாலையோரத்தில் ரசிகரான ஒருவரின் கதை அனைவரும் அறிந்ததே. 1908 செப்டம்பர் 6 அன்று போலோஞா நகருக்கு அருகே, பொதுச் சாலைகளை இணைத்து அமைத்த ஒரு நீண்ட சுற்றில் கார்ப் பந்தயம் நடந்தது. மோதெனாவில் உலோகப் பட்டறை வைத்திருந்த ஒருவர், பத்து வயதான தம் மகனை அதைப் பார்க்க அழைத்துச் சென்றார். ஃபியட் காரில் ஃபெலிச்சே நாட்ஸாரோ வென்றதையும், வின்சென்சோ லான்சியா சீறிக்கொண்டு சென்றதையும் அந்தச் சிறுவன் பார்த்தான். தான் பந்தய ஓட்டுநர் ஆக வேண்டும் என்ற ஆசைக்கு அன்றைய காட்சியே வித்திட்டது என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். அந்தச் சிறுவன்தான் என்ஸோ ஃபெராரி. டிஃபோசிகள் இன்று யாருடைய பெயரைச் சொல்லிக் கொடி பிடிக்கிறார்களோ அவரும் முதலில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்ற ஒரு ரசிகர்தான். அந்த வட்டாரத்தின் முதுகெலும்பாக ஓடும் வியா எமிலியா என்ற சாலை, கி.மு. 187இல் ரோமானியர் போட்டது. ரிமினி, போலோஞா, மோதெனா, ரெஜ்ஜோ, பார்மா, பியாசென்சா ஆகிய ஊர்களை அது மணிகளைக் கோத்த நூலைப் போல இணைக்கிறது. ஃபெராரி, மசெராட்டி, லம்போர்கினி ஆகிய மூன்று பெயர்களும் அந்தச் சாலையை ஒட்டிய ஊர்களிலேயே வளர்ந்தன என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

இத்தாலியின் முதல் கிராண்ட் பிரீ பந்தயம் 1921இல் ப்ரெஷா நகருக்கு அருகே நடந்தது. மறு ஆண்டே அது கைமாறியது. மிலான் நகரத்தார் மோன்சாவின் அரச பூங்காவுக்குள் சுமார் நூற்றுப்பத்து நாட்களில் ஒரு நிரந்தர ஓடுதளத்தைக் கட்டி முடித்து, 1922 செப்டம்பரில் கிராண்ட் பிரீயைத் தங்கள் பக்கம் கொண்டு சென்றுவிட்டனர். ப்ரெஷாக்காரர்களுக்கு இது தாங்க முடியாத இழப்பு. ஆய்மோ மாஜ்ஜி, ஃப்ராங்கோ மட்ஸோத்தி என்ற இரு பிரபுக்களும், ரென்ஸோ காஸ்தன்யேத்தோ என்ற ஏற்பாட்டாளரும், ஜொவான்னி கனெஸ்த்ரீனி என்ற பத்திரிகையாளரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தனர். மிலானுக்கு ஓடுதளம் இருக்கிறதென்றால், தாங்கள் நாட்டின் சாலைகளையே ஓடுதளம் ஆக்கிக்கொள்வது என்பதே அந்த முடிவு. ப்ரெஷாவிலிருந்து புறப்பட்டு ரோம் வரை சென்று மீண்டும் ப்ரெஷாவுக்கே திரும்பும் வழி ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் நீண்டது. அதாவது ஆயிரம் மைல். பந்தயத்துக்கும் அதையே பெயராக வைத்தார்கள்: மில்லே மில்யா. 1927 மார்ச் இறுதியில் நடந்த முதல் பந்தயத்தில் 77 கார்கள் புறப்பட்டன. மினோயாவும் மொராந்தியும் மாறி மாறி ஓட்டிய ஓ.எம். கார் 21 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு வென்றது. ஓ.எம். ப்ரெஷாவிலேயே தயாரான கார். முதல் மூன்று இடங்களையும் அதுவே பிடித்ததால் அன்று அந்த ஊர் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமா!

மோன்சாவுக்கும் மில்லே மில்யாவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் வாசகருக்குச் சொல்ல எனக்குத் தோன்றும் நெருக்கமான ஒப்பீடு கோயிலிலிருந்து வருவது. மூலவரைக் காண வேண்டுமென்றால் நாம் கோயிலுக்குள் போக வேண்டும். உற்சவரோ தாமே புறப்பட்டு வீதியுலா வருகிறார். நடக்க முடியாத கிழவிக்கும் படுத்த படுக்கையாய்க் கிடப்பவருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் திண்ணையில் அமர்ந்தபடியே தரிசனம் கிடைக்கிறது. தெருவை அடைத்துக்கொண்டு தேர் வரும் நாளில் அந்தத் தெரு வேறொரு தெருவாகிவிடுவதையும், அதன் பிறகு ஆண்டு முழுவதும் அந்த மூலையைக் கடக்கும்போதெல்லாம் தேர் திரும்பிய காட்சி நினைவுக்கு வருவதையும் நாம் அறிவோம். மில்லே மில்யா ஆண்டுக்கு ஒரு முறை வந்த வீதியுலா. மோன்சாவுக்குச் செல்ல நுழைவுச்சீட்டும் ரயில் கட்டணமும் ஒரு நாள் ஓய்வும் வேண்டும். மில்லே மில்யாவைப் பார்க்க ஒரு நாற்காலியை எடுத்து வாசலில் போட்டால் போதும். தினமும் மாட்டு வண்டி போகிற, தண்ணீர்க் குடத்தோடு தாம் நடக்கிற அதே வளைவில், பெயர் மட்டுமே கேள்விப்பட்டிருந்த ஓட்டுநர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் காரைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்த பிள்ளைக்கு அந்த வளைவு பிறகெப்போதும் வெறும் வளைவாக இருந்திருக்காது.

பந்தயத்தின் அமைப்பும் சாலையோரத்துக் கூட்டத்துக்கு உகந்ததாகவே இருந்தது. கார்கள் ஒன்றாகப் புறப்படுவதில்லை. ப்ரெஷாவில் மேடை போன்ற ஒரு சரிவிலிருந்து, சிறிய இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக இறங்கின. சிறிய கார்கள் முதல் நாள் இரவிலேயே கிளம்பிவிடும். மிகுந்த ஆற்றல் கொண்டவை மறுநாள் காலையில் கடைசியாகப் புறப்படும். 1949 முதல் நடந்த பந்தயங்களில், ஒரு கார் புறப்படும் நேரமே அதன் எண்ணாக இருந்தது. ஸ்டர்லிங் மாஸ் 1955 மே 1 அன்று ஓட்டிய மெர்சிடிஸ் காரின் எண் 722, ஏனென்றால் அது காலை 7 மணி 22 நிமிடத்துக்குப் புறப்பட்டது. அதே அணியின் ஹுவான் மனுவெல் ஃபாஞ்சியோ 6:58க்குப் புறப்பட்டதால் அவர் காரின் எண் 658. ஃபெராரியின் காஸ்தெல்லோத்தி 723. கடைசியாகக் கிளம்பியவர்களில் ஒருவரான தாருஃபி 728.

இந்த எண் எவ்வளவு நுட்பமான ஏற்பாடு என்பதை, கையில் கடிகாரம் வைத்திருந்த ஒரு பார்வையாளரின் இடத்தில் நின்று பார்த்தால்தான் புரியும். 658ஆம் எண் கார் தம் ஊரைக் கடந்த நேரத்தை அவர் குறித்துக்கொள்கிறார். மாஸ் ஃபாஞ்சியோவுக்கு 24 நிமிடம் பின்னால் கிளம்பியவர். அதன் பிறகு 24 நிமிடம் முடிவதற்குள் 722 வந்துவிட்டால் மாஸ்தான் முந்துகிறார்; 24 நிமிடம் கடந்தும் வரவில்லையென்றால் ஃபாஞ்சியோவின் கை ஓங்கியிருக்கிறது. அறிவிப்பாளரும் வேண்டாம், தகவல் பலகையும் வேண்டாம். ஒரு கழித்தல் கணக்குப் போடத் தெரிந்த பள்ளிச் சிறுவன் தன் தெருவுக்கே பந்தயத்தின் நிலவரத்தைச் சொல்லிவிடலாம். அன்று மாலை ஐந்தரை மணி அளவில் மாஸ் ப்ரெஷாவுக்கு வந்து சேர்ந்தார். 24 நிமிடம் முன்னதாகப் புறப்பட்டிருந்த ஃபாஞ்சியோ அவருக்குப் பின்னால்தான் வந்தார். மாஸ் எடுத்துக்கொண்ட நேரம் 10 மணி 7 நிமிடம் 48 விநாடி. சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டருக்கும் மேல். அந்தச் சாதனை முறியடிக்கப்படவே இல்லை. கார் புறப்படும் ஒழுங்கைக் கொண்டு கணக்குப் போடத் தெரிந்ததும் பந்தயத்தில் தமக்கும் ஒரு வேலை இருப்பதாகப் பார்வையாளர் உணர்கிறார். அந்த உணர்வு காரின் வேகத்தைக் காட்டிலும் ஆழமாக ஒருவரைப் பிடித்துக்கொள்ளக் கூடியது.

மாஸுக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தவர் டெனிஸ் ஜென்கின்சன் என்ற தாடி வைத்த ஆங்கிலப் பத்திரிகையாளர். பந்தயத்துக்கு முன்பே அந்த வழியில் பயணம் செய்து, எங்கே வளைவு, எங்கே மேடு, எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதையெல்லாம் ஐந்து மீட்டருக்கும் மேல் நீண்ட ஒரு காகிதச் சுருளில் எழுதி, அதைக் கண்ணாடி பொருத்திய சிறு பெட்டிக்குள் வைத்து உருட்டி உருட்டிப் படித்தார். எஞ்சின் இரைச்சலில் பேச்சுக் கேட்காது என்பதால் கைச்சைகையாலேயே மாஸுக்கு வழி சொன்னார். ஓர் அயலவர் அந்தச் சாலையை மனத்தில் ஏற்ற அத்தனை நீளக் காகிதம் தேவைப்பட்டது. அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் பகுதிச் சாலை கால் நரம்பிலேயே இருந்தது. எந்தத் திருப்பத்தில் ஓட்டுநர் தடுமாறுவார், எந்தப் பாலத்தின் முதுகில் கார் தரையை விட்டு எழும்பும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நல்ல இடம் பிடிப்பதற்காக முன்கூட்டியே வந்து அமர்ந்தார்கள். ஃப்ளாரன்சுக்கும் போலோஞாவுக்கும் இடையே உள்ள ஃபூத்தா, ராத்திகோசா மலைப்பாதைகளில் கூட்டம் இப்படித்தான் கூடியது. ரோமில் முன்னிலையில் இருப்பவர் ப்ரெஷாவில் வெல்ல மாட்டார் என்ற ஒரு நம்பிக்கைகூட அவர்களிடையே உலவியது. மாஸ் அதையும் அன்று பொய்யாக்கினார்.

பெரிய கார்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஒரு முக்கியமான உண்மை விட்டுப்போய்விடும். மில்லே மில்யாவில் சிறிய கார்களுக்கும் தனிப் பிரிவுகள் இருந்தன. ஃபியட் டோப்போலீனோ போன்ற, ஊர் மருத்துவரின் வீட்டு வாசலில் நிற்கிற வகைக் கார்களையும் ஓட்டிக்கொண்டு பலர் கலந்துகொண்டனர். உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய காரைப் பக்கத்து ஊர் மெக்கானிக் பிரித்து மாட்டித் தர, அதில் புறப்பட்ட உள்ளூர்க்காரர் நள்ளிரவில் தம் ஊரைக் கடந்தபோது எழுந்த கைத்தட்டலை எந்த உலகச் சாம்பியனும் அந்த ஊரில் பெற்றிருக்க மாட்டார். கார் வாங்க முடியாதவருக்கும் காரின் பாகங்களைப் பற்றிப் பேசும் மொழி இப்படித்தான் வந்து சேர்ந்தது. வீரருக்கும் பார்ப்பவருக்கும் இடையே எட்டாத உயரம் ஏதும் இல்லை என்ற எண்ணமும் உடன் வளர்ந்தது.

அந்த எண்ணத்துக்கு உருவம் கொடுத்தவர் தாட்ஸியோ நுவோலாரி. மாந்தோவா நகருக்கு அருகே காஸ்தெல் தாரியோ என்ற சிற்றூரில் 1892இல் பிறந்தவர். குள்ளமான, ஒல்லியான மனிதர். முதலில் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் பெயர் வாங்கிவிட்டுக் காருக்கு வந்தவர். மஞ்சள் சட்டையும் நீலக் காற்சட்டையும் அவருடைய அடையாளம். கவிஞர் தனுன்ட்ஸியோ 1932இல் அவருக்குத் தங்கத்தால் செய்த ஆமை ஒன்றைப் பரிசளித்தார். மிக விரைவாகச் செல்லும் மனிதருக்கு மிக மெதுவாகச் செல்லும் உயிர் என்பது அதன் பொருள். அந்த ஆமையை நுவோலாரி கடைசி வரை சட்டையில் அணிந்திருந்தார். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் 1935இல், ஆற்றலில் பெரிதும் விஞ்சிய மெர்சிடிஸ், ஆட்டோ யூனியன் கார்களை ஒரு பழைய ஆல்ஃபா ரோமியோவைக் கொண்டு அவர் வென்றது பந்தய வரலாற்றின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று. எனினும் இத்தாலியர் நெஞ்சில் அவர் நிலைத்தது அவருடைய தோல்விகளால்தான் என்று நான் கருதுகிறேன்.

அவருடைய இரு மகன்களும் பதினெட்டு வயதிலேயே இறந்துபோனார்கள்; மூத்தவர் 1937இல், இளையவர் 1946இல். ஆண்டுக்கணக்கில் எஞ்சின் புகையைச் சுவாசித்ததால் நுவோலாரியின் நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. அந்த நிலையில், போருக்குப் பின் நடந்த முதல் மில்லே மில்யாவில், 1947இல், சிசித்தாலியா என்ற சின்னஞ்சிறு திறந்த காரில் மழையில் நனைந்தபடி வெகு தூரம் முன்னிலையில் ஓட்டி வந்து, இறுதியில் இரண்டாம் இடம் பெற்றார். மறு ஆண்டு, 55 வயதில், ஃபெராரி கார் ஒன்றை ஓட்டினார். வழியில் மட்கார்டு பிய்ந்துபோனது, பானெட் பறந்துபோனது, இருக்கை உடைந்தது. சாலையோரத்தில் நின்றவர்கள் கண்டது, பாதிக்குப் பாதி கழன்றுபோன ஒரு காரில், முகத்தில் எண்ணெய்ப் புகை படிந்து, எல்லோரையும் விட நெடுந்தூரம் முந்திக்கொண்டு செல்லும் ஒரு நோயாளி முதியவரை. ரெஜ்ஜோ எமிலியா அருகே கார் மேலும் ஓடாமல் நின்றுவிட்டது. வென்றவரின் பெயர் பட்டியலில் இருக்கிறது. மக்கள் பேசியது நுவோலாரியைப் பற்றி. எந்தெந்த ஊரில் எந்தெந்தப் பாகம் இல்லாமல் அவர் போனார் என்பதை அந்தந்த ஊர்க்காரர்கள் மட்டுமே பார்த்திருந்தார்கள். ஒவ்வோர் ஊரும் தான் கண்ட துண்டைச் சொல்ல, அவை சேர்ந்து ஒரு காவியமாயின. அவர் 1953 ஆகஸ்டில் மறைந்தபோது மாந்தோவாவில் பல்லாயிரம் பேர் இறுதி ஊர்வலத்தில் நடந்தார்கள்.

ஊர்கள் கண்டவற்றைக் கோத்துக் கதையாக்கியதில் பத்திரிகைகளின் பங்கு பெரிது. 1930 மில்லே மில்யாவில், விடியலுக்கு முந்தைய இருளில் நுவோலாரி தம் காரின் முகப்பு விளக்குகளை அணைத்துவிட்டு, முன்னே சென்ற போட்டியாளர் அக்கிலே வார்ட்ஸிக்குத் தெரியாமல் நெருங்கி, திடீரென்று விளக்கைப் போட்டு முந்தினார் என்ற கதை இன்றளவும் சொல்லப்படுகிறது. கணக்குப் பார்த்தால் அந்தச் சாகசத்துக்குத் தேவையே இருந்திருக்காது. நுவோலாரி வார்ட்ஸிக்குப் பத்து நிமிடம் பின்னால் புறப்பட்டவர். வார்ட்ஸி கண்ணில் படும் தூரத்தில் இருந்தாலே வெற்றி நுவோலாரியுடையதுதான். ஆனால் கதை ஏன் நிலைத்தது என்று பார்க்க வேண்டும். வார்ட்ஸி அளந்து ஓட்டுபவர், மடிப்புக் கலையாத உடையணிந்தவர். நுவோலாரி சீற்றமும் துணிவும் கொண்டவர். ஒவ்வொரு காப்பிக் கடையிலும் இருவரில் ஒருவரின் பக்கம் சாய்ந்தே ஆக வேண்டியிருந்தது. ரசிகருக்குக் கட்சி வேண்டும். இந்த இருவரும் அதைக் கொடுத்தார்கள்.

வீதியுலா என்று சொன்னேன். தேர்ச்சக்கரத்தில் சிக்கி உயிர் போவதும் உண்டல்லவா! வாசலுக்கே வரும் பந்தயம் வாசலிலேயே உயிரையும் பறித்தது. வேலியில்லை, சில இடங்களில் வைக்கோல் கட்டுகள், சில இடங்களில் ஒரு கயிறு, பல இடங்களில் ஒன்றுமே இல்லை. போலோஞாவில் 1938இல் ஒரு லான்சியா கார் டிராம் தண்டவாளத்தில் தடுமாறிக் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் பத்துப் பேர் இறந்தனர். அவர்களில் ஏழு பேர் குழந்தைகள். முசோலினியின் அரசு பந்தயத்தைத் தடை செய்தது. 1940இல் ப்ரெஷா, கிரெமோனா, மாந்தோவா நகரங்களைச் சுற்றிவரும் குறுகிய வழியில் அது ஒரு முறை நடந்தது. போருக்குப் பிறகு பழைய நீளத்துக்கே திரும்பியது. கார்களின் வேகமோ முன்போல் இல்லை. முதல் பந்தயத்தில் வென்ற கார் மணிக்குச் சராசரியாக 77 கிலோமீட்டரில் ஓடியது; மாஸ் அதைப் போல இரு மடங்கு வேகத்தில் ஓடினார். சாலை அதே சாலை. ஓரத்தில் நின்ற மனித உடம்பும் அதே உடம்பு.

நுவோலாரி மறைந்த பிறகு, அவருடைய நினைவாக மில்லே மில்யா மாந்தோவா வழியாகச் செல்லுமாறு மாற்றப்பட்டது. கிரெமோனாவிலிருந்து மாந்தோவா வழியாக ப்ரெஷா வரையிலான கடைசிப் பகுதியை மிக வேகமாகக் கடப்பவருக்கு அவர் பெயரில் தனிப் பரிசும் இருந்தது. நேரான, சமதளமான சாலை அது. 1957 மே 12 அன்று, முடிவுக்குச் சிறிது தூரமே இருக்கையில், குயிதிட்ஸோலோ என்ற ஊருக்கு அருகே, அல்ஃபோன்ஸோ தே போர்த்தாகோ ஓட்டிய ஃபெராரி காரின் டயர் வெடித்தது. அவரும் உடன் இருந்த எட்மண்ட் நெல்சனும் இறந்தார்கள். சாலையோரத்தில் நின்ற ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த ஒன்பது பேரில் ஐவர் குழந்தைகள். மறைந்த மாவீரருக்கு அஞ்சலியாகச் சேர்த்த பகுதியிலேயே, அவரைப் போன்ற ஒருவரைக் காண வந்த பிள்ளைகள் மடிந்தார்கள். இதை எழுதும்போதுகூட அந்த வரியைக் கடந்து செல்லக் கை தயங்குகிறது. நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. அரசு பந்தயத்தைத் தடை செய்தது. டயர்கள் குறித்து என்ஸோ ஃபெராரி மீது வழக்குத் தொடரப்பட்டு, 1961இல்தான் அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். தடை சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ரசிகர்களை உருவாக்கிய நெருக்கமும் அவர்களைக் கொன்ற நெருக்கமும் ஒன்றேதான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விலக்க அந்தச் சாலைகளில் வழி இருக்கவில்லை.

அதன் பிறகு கார்ப் பந்தயம் வேலிக்குப் பின்னால் போனது. வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்த மக்கள் இப்போது மோன்சாவுக்குப் போக வேண்டியிருந்தது, போனார்கள். சாலையோரத்தில் கற்ற பழக்கங்களையும் கூடவே கொண்டுபோனார்கள். விடியலுக்கு முன்பே வந்து இடம் பிடிப்பது, மரத்திலும் விளம்பரப் பலகையிலும் ஏறிக்கொள்வது, கடைசிக் கார் கடந்ததும் தடத்துக்குள் இறங்கிவிடுவது ஆகியவையெல்லாம் மோன்சாவில் பிறந்தவை அல்ல என்றே நினைக்கிறேன். சாலை தங்களுடையது, கார்கள் சற்று நேரத்துக்கு இரவல் வாங்கியிருக்கின்றன என்ற பழைய உரிமையுணர்வு அதில் தெரிகிறது. சிவப்பு நிறம்கூட ஃபெராரிக்கு முந்தையது. நாட்டுக்கு ஒரு நிறம் என்றிருந்த காலத்தில் இத்தாலியக் கார்களுக்கு உரியதாக இருந்தது அது. ஆல்ஃபா ரோமியோவும் மசெராட்டியும் ஓய்ந்த பிறகு, அந்த நிறத்தின் மீதிருந்த பற்று முழுவதும் ஃபெராரிக்கு வந்து சேர்ந்தது. 1977இல் மில்லே மில்யா பழைய கார்களுக்கான நினைவு ஓட்டமாக, வேகப் போட்டியின்றி மீண்டும் தொடங்கியபோது, அந்த ஊர்கள் மறுபடியும் வாசலுக்கு வந்து நின்றன.

என்ஸோ ஃபெராரி 1988 ஆகஸ்ட் 14 அன்று இறந்தார். நான்கு வாரம் கழித்து, செப்டம்பர் 11 அன்று, மோன்சாவில் இத்தாலிய கிராண்ட் பிரீ நடந்தது. அந்த ஆண்டு அதுவரை நடந்த எல்லாப் பந்தயங்களையும் மெக்லாரன் அணியே வென்றிருந்தது. அன்றும் முடிய இரண்டு சுற்றுகள் இருக்கும்வரை அந்த அணியின் ஐர்ட்டன் சென்னாதான் முன்னிலையில் இருந்தார். ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த காரை முந்த முயன்றபோது இரண்டும் உரசிக்கொள்ள, சென்னாவின் கார் தடத்தின் ஓரத்தில் சிக்கி நின்றது. கெர்ஹார்ட் பெர்கரின் ஃபெராரி முதலிடத்திலும், மிலான் நகரிலேயே பிறந்த மிக்கேலே அல்போரெத்தோவின் ஃபெராரி இரண்டாமிடத்திலும் வந்து முடித்தன. அந்த ஆண்டின் 16 பந்தயங்களில் மெக்லாரன் இழந்தது அந்த ஒன்றை மட்டுமே. தடத்துக்குள் இறங்கிய கூட்டத்தில் நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் இருந்திருந்தால், கடைசி மில்லே மில்யா அவருடைய ஊரைக் கடந்தபோது அவருக்கு வயது பதினான்கு.